ஏர்போர்ட் 'கிரீன் சேனல்' முதல் துறைமுக கன்டெய்னர் வரை... சுங்கச் சோதனை எப்படி நடக்குது? ஓட்டை எங்கே இருக்கு?

துபாய், சிங்கப்பூர், கொழும்பு என எங்கிருந்து வந்தாலும் சரி, சென்னை விமான நிலையத்தில் இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் வழியில் இரண்டு பாதைகள் இருக்கும். ஒன்று பச்சை, இன்னொன்று சிவப்பு. பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் பச்சைப் பாதையில் நடந்துவிடுவார்கள். அப்படி நடப்பதே சட்டப்படி ஒரு வாக்குமூலம்தான். "வரி கட்ட வேண்டிய பொருளோ, தடை செய்யப்பட்ட பொருளோ என்னிடம் இல்லை" என்பதே அதன் அர்த்தம்.

விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்டது, துறைமுகத்தில் போதைப்பொருள் சிக்கியது என்று வாரத்துக்கு ஒரு செய்தியாவது வருகிறது. ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு சோதனை இருந்தும் எப்படி உள்ளே வருகிறது? சுங்கப் பாதுகாப்பு எப்படி இயங்குகிறது, எங்கே பலவீனமாக இருக்கிறது, பயணிக்கு என்ன உரிமை இருக்கிறது? பார்க்கலாம்.

சோதனை செய்வது யார்?

விமான நிலையத்தில் நம்மைச் சோதிக்கும் எல்லோரும் 'கஸ்டம்ஸ்' இல்லை. பாஸ்போர்ட், விசா பார்ப்பது குடியுரிமைச் சோதனை. அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. விமானம் ஏறும் முன் உடலையும் கைப்பையையும் சோதிப்பது மத்திய தொழிற் பாதுகாப்புப் படை. வெளிநாட்டில் இருந்து என்ன பொருள் உள்ளே வருகிறது, இங்கிருந்து என்ன வெளியே போகிறது என்று பார்ப்பதுதான் சுங்கத் துறையின் வேலை. இது நிதி அமைச்சகத்தில் உள்ள மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் கீழ் இயங்குகிறது.

கடத்தல் கும்பல்களை உளவுத் தகவல் வைத்துப் பிடிக்க, வருவாய் புலனாய்வு இயக்குநரகம் என்ற தனிப் பிரிவும் உண்டு. செய்திகளில் டி.ஆர்.ஐ. என்று வருவது இதுதான். இவர்கள் எல்லோருக்கும் அடிப்படை, 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டம்.

விமானம் இறங்கும் முன்பே தொடங்கும் சோதனை

ஒரு விமானத்தில் 200 பேர் வந்தால் 200 பேரின் பெட்டியையும் திறந்து பார்ப்பது நடக்காத காரியம். அதனால் யாரை நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யும் முறைதான் இன்று உலகம் முழுக்க இருக்கிறது.

இதற்காக 2022 ஆகஸ்ட்டில் இந்தியாவில் புதிய விதிமுறைகள் அறிவிக்கப்பட்டன. இதன்படி, சர்வதேச விமானங்களை இயக்கும் நிறுவனங்கள் பயணிகளின் முன்பதிவு விவரங்களை, விமானம் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே சுங்கத் துறைக்குக் கொடுக்க வேண்டும். டிக்கெட் எப்போது வாங்கப்பட்டது, பணம் எப்படிக் கட்டப்பட்டது, பயண வழி என்ன, எத்தனை பெட்டி என்பதெல்லாம் இதில் அடங்கும். இந்தத் தகவல்களை அதிகபட்சம் 5 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம்.

இதில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்கலாம். ஒருவர் மாதத்துக்கு மூன்று முறை துபாய் போகிறார், போன மறுநாளே திரும்புகிறார், கையில் ஒரு சின்னப் பை மட்டும், டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது வேறு யாரோ. இப்படி ஒரு பயண முறை தெரிந்தால் அதிகாரிகள் உஷாராகிவிடுவார்கள். கூலிக்குப் பொருள் கொண்டு வரும் இப்படிப்பட்டவர்களைத்தான் தமிழ்நாட்டில் 'குருவி' என்கிறார்கள்.

குருவிகள் ஏன் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வருகிறார்கள்?

இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஏய்க்கப்பட்ட வரி 50 லட்சம் ரூபாயைத் தாண்டினால், அது எளிதில் ஜாமீன் கிடைக்காத குற்றமாகிவிடும். பொருளின் மதிப்பை வைத்தும் இதேபோன்ற வரம்பு உண்டு. குற்றம் நிரூபணமானால் அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஆகவே ஒரே ஆளிடம் 10 கிலோ கொடுத்து அனுப்புவதைவிட, பத்துப் பேரிடம் பிரித்துக் கொடுப்பது கும்பலுக்கு லாபம். ஒருவர் மாட்டினாலும் ஒன்பது பேர் வெளியே போய்விடலாம். மாட்டியவரும் சீக்கிரம் ஜாமீனில் வந்துவிடலாம்.

இதில் நஷ்டம் யாருக்கு? பெரும்பாலும் அந்தக் குருவிக்குத்தான். விமான டிக்கெட்டுக்கும் சில ஆயிரம் ரூபாய் கூலிக்கும் ஆசைப்பட்டு வழக்கில் சிக்கி, பாஸ்போர்ட் முடங்கி, நீதிமன்றத்துக்கு அலைவது அவர்தான். பொருளின் உண்மையான சொந்தக்காரர் விமான நிலையப் பக்கமே வருவதில்லை.

வரியைக் குறைத்தால் கடத்தல் குறையுமா?

தங்கக் கடத்தலுக்கு உயிர்நாடி, இறக்குமதி வரி. ஒரு கோடி ரூபாய் தங்கத்துக்கு 15 சதவீதம் வரி என்றால் 15 லட்சம் ரூபாய். வரி கட்டாமல் உள்ளே கொண்டு வந்துவிட்டால் அந்த 15 லட்சமும் கும்பலுக்கு மிச்சம். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கம் மீதான சுங்க வரி 15 சதவீதத்தில் இருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதனால் அதே ஒரு கோடி ரூபாய் தங்கத்துக்கு மிச்சம் அப்போது 6 லட்சமாகக் குறைந்தது.

ஆனாலும் கடத்தல் நின்றுவிடவில்லை. தங்கத்தின் விலை ஏற ஏற, சதவீதம் குறைந்தாலும் ஒரு கிலோவில் கிடைக்கும் லாபம் மறுபடியும் கூடிவிடுகிறது. கணக்கில் வராத பணத்தை வைத்துக்கொள்ளவும் தங்கம் வசதியான பொருள். வரிக் குறைப்பு கும்பலின் லாபத்தைக் குறைக்கும், ஆனால் சோதனைக்கு மாற்றாக முடியாது.

உள்ளே இருப்பவர்களே உதவினால்?

ஸ்கேனர், மோப்ப நாய், பயணி விவரம் என எல்லாவற்றையும் தாண்டும் ஒரு வழி, உள்ளே நடமாட அனுமதி உள்ளவர்களைப் பிடித்துக்கொள்வது.

2024-ல் சென்னை விமான நிலையத்தில் இது பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது. விமான நிலையத்துக்கு உள்ளேயே இயங்கிய ஒரு கடையைப் பயன்படுத்தி, இரண்டு மாதங்களில் 267 கிலோ தங்கம் கடத்தப்பட்டதாகச் சுங்கத் துறை குற்றம்சாட்டியது. இதன் மதிப்பு சுமார் 167 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. வெளிநாட்டில் இருந்து வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்கும் பயணிகள் தங்கத்தை உள்ளேயே கைமாற்றிவிட, விமான நிலையத்தில் வேலை செய்பவர்கள் அதை வெளியே கொண்டு வந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

2025 மார்ச்சில் பெங்களூரு விமான நிலையத்தில், துபாயில் இருந்து வந்த ஒரு நடிகையிடம் 14.2 கிலோ தங்கம் பறிமுதல் செய்யப்பட்டது. வி.ஐ.பி.களுக்கான மரியாதை வசதியைப் பயன்படுத்தி அவர் சோதனையைத் தவிர்த்தாரா என்ற கேள்வி அந்த வழக்கில் எழுந்தது. 2020 ஜூலையில் திருவனந்தபுரத்தில் சிக்கிய 30 கிலோ தங்கம், வெளிநாட்டுத் தூதரக முகவரிக்கு வந்த பார்சலில் இருந்தது. தூதரகப் பைகளைத் திறக்கக் கூடாது என்பது சர்வதேச நடைமுறை. அந்த மரியாதையைத்தான் கடத்தல்காரர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மூன்று சம்பவங்களுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. மூன்றிலும் இயந்திரத்தில் கோளாறு இல்லை. "இவரைச் சோதிக்கத் தேவையில்லை" என்று விட்டுவைத்த இடத்தில்தான் ஓட்டை விழுந்தது. ஊழியர்களின் பின்னணிச் சரிபார்ப்பு, வேலை முடிந்து வெளியே போகும்போதும் சோதனை, நுழைவு அட்டை யாருக்கு எதற்குத் தரப்படுகிறது என்ற கண்காணிப்பு ஆகியவை ஸ்கேனர் வாங்குவதைவிட முக்கியம் என்று சொல்லப்படுவது இதனால்தான்.

துறைமுகத்தில் நிலைமை வேறு

விமான நிலையத்தில் பெட்டி. துறைமுகத்தில் 20 அடி, 40 அடி கன்டெய்னர். ஒரே கப்பலில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஒரு கன்டெய்னரை முழுவதுமாகக் காலி செய்து பார்க்க பல மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் அப்படிப் பார்த்தால் துறைமுகமே ஸ்தம்பித்துவிடும். உலக அளவில் 2 சதவீதத்துக்கும் குறைவான கன்டெய்னர்களே சோதிக்கப்படுகின்றன என்று ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் சொல்லி வருகிறது.

அமெரிக்காவே இதில் திணறியது. தன் நாட்டுக்கு வரும் கன்டெய்னர்கள் அத்தனையையும் 2012-க்குள் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று 2007-ல் அங்கே சட்டம் போட்டார்கள். அந்தக் காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டது.

இந்தியாவில் கன்டெய்னர் வந்தால் என்ன நடக்கும்? சுருக்கமாக:

• கப்பல் வந்து சேரும் முன்பே, அதில் என்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியலைக் கப்பல் நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும்.

• இறக்குமதியாளர், பொருளின் பெயர், அளவு, மதிப்பு, எந்த நாட்டில் தயாரானது போன்ற விவரங்களுடன் இறக்குமதி ரசீதை ஆன்லைனில் தாக்கல் செய்வார்.

• கம்ப்யூட்டரில் இயங்கும் இடர் மேலாண்மை அமைப்பு அதை ஆராயும். நம்பகமான நிறுவனம், வழக்கமான சரக்கு என்றால் பெரும்பாலும் திறக்காமலே அனுப்பிவிடும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் செய்யவோ, திறந்து பார்க்கவோ சொல்லும்.

• வரி மதிப்பீட்டைச் செய்யும் அதிகாரி வேறு ஊரில் இருப்பார். இந்த முகமில்லா மதிப்பீட்டு முறை 2020 ஜூனில் முதலில் சென்னையிலும் பெங்களூருவிலும்தான் தொடங்கியது. இறக்குமதியாளரும் அதிகாரியும் நேரில் பேசி 'ஏற்பாடு' செய்துகொள்வதைத் தடுப்பது இதன் நோக்கங்களில் ஒன்று.

பேப்பரில் எல்லாம் சரியாக இருந்தால்?

இங்கேதான் சிக்கல். கம்ப்யூட்டர் பார்ப்பது பேப்பரை. பேப்பரில் எழுதியதும் கன்டெய்னருக்குள் இருப்பதும் ஒன்றா என்பது திறந்தால்தான் தெரியும்.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர்களை டி.ஆர்.ஐ. அதிகாரிகள் நிறுத்தினார்கள். ஆவணத்தில் இருந்தது டால்க் கல். ஆப்கானிஸ்தானில் இருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம் வழியாக வந்த சரக்கு. பெற வேண்டிய நிறுவனத்தின் முகவரி ஆந்திராவின் விஜயவாடா. உள்ளே இருந்தது 2,988 கிலோ ஹெராயின். இந்தியாவில் ஒரே நேரத்தில் பிடிபட்ட மிகப்பெரிய ஹெராயின் சரக்குகளில் இதுவும் ஒன்று. அதிகாரிகளை அங்கே கொண்டு போனது உளவுத் தகவல்.

ஆவணத்தைப் பார்த்தாலே சில கேள்விகள் எழும். ஆந்திர நிறுவனத்துக்கான சரக்கு, பக்கத்தில் விசாகப்பட்டினம், சென்னை துறைமுகங்கள் இருக்கும்போது ஏன் குஜராத்தில் இறங்குகிறது? இதற்கு முன் அந்த நிறுவனம் என்ன வியாபாரம் செய்தது? இப்படிப்பட்ட முரண்களைத் தானாகவே கண்டுபிடிக்கும்படி இடர் மேலாண்மை அமைப்பைக் கூர்மையாக்குவதே இன்றைய சவால்.

தரைவழி எல்லையிலும் கதை இதேதான். 2019 ஜூனில் பஞ்சாபின் அட்டாரி சோதனைச் சாவடியில், பாகிஸ்தானில் இருந்து வந்த இந்துப்பு மூட்டைகளுக்கு நடுவே 532 கிலோ ஹெராயின் சிக்கியது.

வரி மட்டுமா? உயிர்ப் பிரச்னையும்தான்

சுங்கச் சோதனை என்றால் அரசின் வருமானம் சம்பந்தப்பட்டது மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2004-ல் உத்தரப்பிரதேசத்தின் காசியாபாத்தில் ஓர் இரும்பு ஆலையில் நடந்ததைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். வெளிநாட்டில் இருந்து பழைய இரும்பு என்று வந்த சரக்கில் வெடிக்காத குண்டுகள் கலந்திருந்தன. அவை வெடித்ததில் 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் பழைய இரும்பு இறக்குமதிக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஏற்றுமதியாகும் இடத்திலேயே சோதித்து, வெடிபொருளோ கதிர்வீச்சோ இல்லை என்று சான்றிதழ் தர வேண்டும் என்ற கட்டுப்பாடு இந்த ஆபத்தைத் தடுக்கத்தான்.

பிடித்துவிட்டால் மட்டும் போதாது, பிடித்ததை என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி லெபனானின் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காரணம், ஒரு கப்பலில் இருந்து இறக்கி ஆண்டுக்கணக்கில் கிடங்கில் போட்டு வைத்திருந்த சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்.

அந்தச் செய்தி வந்ததும் எல்லோர் பார்வையும் சென்னை மணலி பக்கம் திரும்பியது. 2015-ல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அங்குள்ள கன்டெய்னர் கிடங்கில் ஐந்து ஆண்டுகளாக இருந்தது. 37 கன்டெய்னர்களில் இருந்த அந்தச் சரக்கு, பெய்ரூட் விபத்துக்குப் பிறகு அவசரமாக ஏலம் முடிக்கப்பட்டு, ஆகஸ்ட் மாதத்திலேயே ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. வட சென்னை மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். வேறு ஒரு நாட்டில் அத்தனை பேர் சாகாமல் இருந்திருந்தால், அந்தக் கன்டெய்னர்கள் இன்னும் எவ்வளவு நாள் அங்கேயே இருந்திருக்கும் என்ற கேள்வி மட்டும் மிச்சம்.

வாசலைப் பூட்டினால் ஜன்னல் வழியே...

துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் கெடுபிடி அதிகமானால் கடத்தல் வேறு வழி தேடும். தமிழ்நாட்டுக்கு அந்த வழி கடல். ராமேஸ்வரம், மண்டபம் பகுதிகளில் இருந்து இலங்கை கூப்பிடு தூரம். அங்கிருந்து தங்கம் இங்கே வருகிறது. இங்கிருந்து பீடி இலை, கடல் அட்டை போன்றவை அங்கே போகின்றன.

2023-ல் மன்னார் வளைகுடாவில் டி.ஆர்.ஐ.யும் கடலோரக் காவல்படையும் சேர்ந்து நடத்திய சோதனையில் சுமார் 32 கிலோ தங்கம் சிக்கியது. அதில் ஒரு பகுதி, படகைத் துரத்தியபோது கடலில் வீசப்பட்டு, பிறகு கடலுக்கு அடியில் இருந்து எடுக்கப்பட்டது. சுங்கத் துறை, கடலோரக் காவல்படை, மாநிலத்தின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மீனவ கிராமங்கள் ஆகிய நான்கு தரப்பும் தகவலைப் பகிர்ந்துகொள்ளாவிட்டால் இந்தப் பக்கக் கதவை மூட முடியாது.

சோதனை கடுமையானால் சாதாரணப் பயணி நிலைமை?

சந்தேகம் என்ற ஒரே காரணத்தால் நேர்மையான பயணிகளும் மணிக்கணக்கில் நிறுத்தப்படுகிறார்கள். அதிகம் பாதிக்கப்படுவது, ஆண்டுக்கணக்கில் வளைகுடாவில் உழைத்துவிட்டு நகையோடு ஊர் திரும்புபவர்களும், திருமணத்துக்காக வருபவர்களும்தான்.

இலங்கையைச் சேர்ந்த புதுமணப் பெண் ஒருவரின் தாலிக்கொடி உள்ளிட்ட நகைகள் சென்னை விமான நிலையத்தில் பறிமுதல் செய்யப்பட்ட வழக்கு இதற்கு உதாரணம். நகைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சோதனை செய்யும்போது மக்களின் மத, பண்பாட்டு வழக்கங்களை அதிகாரிகள் மதிக்க வேண்டும் என்றும் சொன்னது.

பயணிக்குச் சட்டம் தரும் உரிமைகள் இவை:

• உடல் சோதனைக்கு முன், அருகில் உள்ள கெசட்டட் சுங்க அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ தன்னை அழைத்துச் செல்லும்படி பயணி கேட்கலாம்.

• பெண்ணைப் பெண் மட்டுமே சோதிக்க வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது.

• உடல் சோதனையின்போது குறைந்தது இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். பறிமுதல் செய்த பொருட்களின் பட்டியலில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

• கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் தரும் பாதுகாப்புகள் சுங்கத் துறை கைதுகளுக்கும் பொருந்தும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

• பொருளைப் பறிமுதல் செய்தால், பொதுவாக 6 மாதங்களுக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். தேவைப்பட்டால் காரணம் சொல்லி இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் தராவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அதே நேரம் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. தங்கத்தைப் பொறுத்தவரை, "இது கடத்தல் தங்கம் இல்லை" என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை வைத்திருந்தவர் மீதுதான் இருக்கிறது. அதனால் ரசீது இல்லாமல் நகை கொண்டு வருவது ரிஸ்க்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

நகை: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பெண்கள் 40 கிராம், ஆண்கள் 20 கிராம் வரை வரியில்லாமல் நகை கொண்டு வரலாம். மற்ற பொருட்களுக்கான மதிப்பு வரம்பை அரசு அவ்வப்போது மாற்றும் என்பதால், டிக்கெட் போட்டதும் சுங்கத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இங்கிருந்து நகை போட்டுக்கொண்டு போகிறீர்களா? கல்யாணம், விசேஷத்துக்குக் கனமான நகைகளோடு வெளிநாடு போனால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது "இது என் பழைய நகைதான்" என்று வாதாட வேண்டிய அவசியமே வராது.

பணம்: வெளிநாட்டு கரன்சி நோட்டுகள் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, பயணக் காசோலைகளையும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

ட்ரோன், சாட்டிலைட் போன்: ட்ரோன் கொண்டு வந்தால் கட்டாயம் அறிவிக்க வேண்டும். சாட்டிலைட் போனுக்கு அரசின் முன் அனுமதி தேவை. தெரியாமல் கொண்டு வந்தேன் என்பது பதிலாகாது.

அடுத்தவர் பார்சல்: "ஊருக்குத்தானே போறீங்க, இதை மட்டும் கொடுத்துடுங்க" என்று முன்பின் தெரியாதவர் தரும் எதையும் வாங்காதீர்கள். உங்கள் பையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அதில் போதைப்பொருள் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஹெராயின் 250 கிராம் என்றாலே வணிக அளவு. அதைவிட அதிகம் என்று நிரூபணமானால் தண்டனை குறைந்தபட்சம் 10 ஆண்டுகள்.

சந்தேகம் இருந்தால்: சிவப்புப் பாதையில் போங்கள். அங்கே போனால் குற்றவாளி என்று அர்த்தம் இல்லை. அறிவித்துவிட்டால் பெரும்பாலும் வரி கட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம். அறிவிக்காமல் பச்சைப் பாதையில் மாட்டினால் பறிமுதல், அபராதம், கைது வரை போகும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை

"கஸ்டம்ஸில் இருந்து பேசுறோம், உங்க பேர்ல வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கு, உடனே பணம் அனுப்புங்க" என்று போன் வந்தால் அது மோசடி. சுங்கத் துறை போனில் மிரட்டியோ, தனிநபர் வங்கிக் கணக்கிலோ யு.பி.ஐ.யிலோ வரி வசூலிப்பதில்லை. சுங்கத் துறை அனுப்பும் கடிதம், நோட்டீஸ்களில் ஓர் அடையாள எண் இருக்கும். அது உண்மைதானா என்று வாரியத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.